பவளத்துக்கு எந்த விளக்கு? வாசகர் கேள்வி, என் பதில்

சென்ற இதழில் கடல்நீர்த் தொட்டியைப் பற்றி எழுதிய பிறகு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் விளக்கைப் பற்றியே கேட்டிருந்தன. பத்தொன்பது ஆண்டுகளாக வீட்டில் பவளம் வளர்த்து வருகிறேன். நான் அதிகம் தவறியதும் அதிகம் கற்றதும் விளக்கில்தான். அதனால் இந்த முறை முழுப் பகுதியையும் அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

கேள்வி: என் தொட்டி நான்கு அடி நீளம், இரண்டு அடி அகலம், இரண்டு அடி உயரம். மெட்டல் ஹாலைடு, டி5 குழல் விளக்கு, எல்.இ.டி. இந்த மூன்றில் எதை வாங்குவது? கேட்கும் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைச் சொல்கிறார்கள்.

தொட்டியின் அளவைத் துல்லியமாக எழுதியிருக்கிறீர்கள். அதற்குள் எந்தப் பவளம் வாழப்போகிறது என்று எழுதவில்லை. முடிவு செய்யவேண்டியது முதலில் அதுதான். விளக்கின் வகை அதற்குப் பிறகு வருகிற கேள்வி.

நாம் வளர்க்கும் பெரும்பாலான பவளங்களின் திசுவுக்குள் ஜூசாந்தெல்லே என்ற நுண்பாசி குடியிருக்கிறது. அது ஒளிச்சேர்க்கை செய்து, தயாரித்த உணவில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுத்துவிடுகிறது. ஆகவே விளக்கு என்பது தொட்டியை நமக்குக் காட்டும் சாதனம் மட்டுமல்ல, பவளத்துக்குச் சோறு போடுகிற கை. எத்தனை பேருக்கு, எவ்வளவு பசிக்கு என்று தெரியாமல் உலை வைக்க முடியுமா?

பசியை அளக்க ஓர் அலகு இருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்குப் பயன்படுவது 400 முதல் 700 நானோமீட்டர் வரையிலான ஒளி. அந்த ஒளித்துகள்கள் ஒரு நொடியில் ஒரு சதுர மீட்டரில் எத்தனை விழுகின்றன என்பதை மைக்ரோமோல் என்ற எண்ணிக்கை அலகில் சொல்வார்கள். நம் வட்டத்தில் இதற்கு ‘பார்’ அளவு என்று பெயர். உச்சிவெயில் ஏறத்தாழ 2000. தோல்பவளம், காளான்பவளம், சோவாந்திட் போன்ற மென்பவளங்களுக்கு 50 முதல் 150 வரை இருந்தால் நிறைவாக வளரும். யூஃபில்லியா போன்ற பெரிய பாலிப் (வாயும் உணர்கொம்புகளும் கொண்ட பவளத்தின் சிறு உடல்) உள்ள கற்பவளங்களும் அதே வட்டாரத்தில்தான். 80க்கும் 150க்கும் இடையில் வையுங்கள். அக்ரோபோரா போன்ற சிறிய பாலிப் கொண்ட கிளைப்பவளங்கள் 200 முதல் 350 வரை கேட்கும். மென்பவளங்கள் மட்டும்தான் என்றால் மூன்று விளக்குகளில் எதை வாங்கினாலும் போதும். கையில் இருப்பதை அதிகம் செலவழிக்காதீர்கள். அக்ரோபோரா வேண்டும் என்றால் தொடர்ந்து படியுங்கள்.

டி5 என்பதில் உள்ள 5, குழலின் விட்டம் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது சுமார் 16 மில்லிமீட்டர், என்பதைக் குறிக்கிறது. உங்கள் நான்கடித் தொட்டிக்கு 54 வாட் குழல் பொருந்தும். அதன் நீளம் 1149 மில்லிமீட்டர். இதன் பெரிய குணம் சமத்துவம். நீளம் முழுவதிலிருந்தும் ஒளி இறங்குவதால் கூர்மையான நிழல் விழாது. கிளைப்பவளத்தின் மேல்கிளை வெளிச்சத்தில் இருக்கும்போது அடிக்கிளையும் பட்டினி கிடக்காது. ஒவ்வொரு குழலுக்கும் தனித்தனி வளைந்த பிரதிபலிப்புத் தகடு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். எல்லாக் குழல்களுக்கும் சேர்த்து ஒரே தட்டையான தகடு வைத்திருந்தால், மேல்நோக்கிப் போகும் ஒளியில் பெரும்பகுதி குழலுக்கே திரும்பி வீணாகிறது.

மெட்டல் ஹாலைடு ஒரு சிறிய குவார்ட்ஸ் உறைக்குள் எரியும் தீப்பொறி போன்றது. ஒளி ஒரே புள்ளியிலிருந்து கிளம்புவதால், நீர்ப்பரப்பின் சிற்றலைகள் அதை வளைத்து மணலின்மேல் ஓடும் ஒளிக்கோடுகளாக ஆக்கும். ஆழமற்ற கடலில் மூழ்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கோடுகளின் நடனம் தெரியும். அந்த அழகுக்காகவே இதை விடமுடியாதவர்கள் உண்டு, அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 250 வாட் விளக்கு இரண்டு எரிந்தால் அந்த வெப்பம் எங்கே போகும்? பெரும்பகுதி உங்கள் நீருக்கும் அறைக்கும்தான். தொட்டி 25 டிகிரி செல்சியஸை ஒட்டி நிற்கவேண்டும். குளிர்விப்பான் இல்லாமல் இரண்டு ஹாலைடுகளை வைத்துக்கொண்டு இதைச் சாதிப்பது பெரும்பாடு.

எல்.இ.டி. வெப்பத்தைப் பின்பக்கத் தகடு வழியாக மேலே விட்டுவிடும். நீர் அவ்வளவாகச் சூடாவதில்லை. ஒவ்வொரு நிறத்தையும் தனியாகக் கூட்டிக் குறைக்கலாம். மின்சாரமும் மிச்சம். குறை என்னவென்றால், லென்ஸ் பொருத்திய சிறிய பெட்டியிலிருந்து ஒளி குவிந்து இறங்குகிறது. விளக்குக்கு நேர்கீழே கொளுத்தும், ஒரு முழம் தள்ளினால் மங்கும். பவளம் வளர்ந்து புதராகும்போது மேல்கிளை கீழ்க்கிளையை மறைக்கும். அடிப்பகுதித் திசு மெல்ல மெல்ல இறந்து வெள்ளை எலும்பு மட்டும் நிற்கும். இதை விற்பனைப் படங்களில் பார்க்கமாட்டீர்கள், ஏனென்றால் படத்தில் இருப்பது எப்போதும் ஒரு விரல் நீளத் துண்டு.

என் முடிவைக் கேட்டால், நான்கடித் தொட்டியில் ஒரே எல்.இ.டி. பெட்டியை நடுவில் தொங்கவிடாதீர்கள். குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று, நீர்ப்பரப்புக்கு மேலே 25 சென்டிமீட்டர் உயரத்தில். அவற்றின் முன்னும் பின்னும் ஒவ்வொரு டி5 குழல். குவிந்த ஒளிக்கு எல்.இ.டி., நிழலை நிரப்ப டி5. என் பெரிய தொட்டியில் இந்தக் கூட்டுதான் ஆறு ஆண்டுகளாக எரிகிறது.

கேள்வி: டி5 விளக்குகளைக் கழற்றிவிட்டுப் புதிய எல்.இ.டி. மாட்டினேன். பத்தே நாளில் இரண்டு அக்ரோபோராக்கள் வெளிறிவிட்டன. விளக்கில் குறையா? திருப்பிக் கொடுத்துவிடலாமா?

திருப்பிக் கொடுக்காதீர்கள். இன்று மாலையே செய்யவேண்டியதைச் சொல்கிறேன்: விளக்கின் ஒளியைப் பாதியாகக் குறையுங்கள். அந்தப் பவளங்களை இடம் மாற்றாதீர்கள். தொட்டுத் தூக்குவது இன்னோர் அதிர்ச்சி.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்கு நெஞ்சு கனத்தது. இதே தவற்றை நானும் செய்திருக்கிறேன். எட்டு ஆண்டுகள் குழல் விளக்கின்கீழ் வளர்ந்த ஓர் அக்ரோபோரா என்னிடம் இருந்தது. உள்ளங்கை அகலம், பச்சை உடம்பு, ஊதா நுனி. புதிய எல்.இ.டி. வந்த அன்றே முழு வேகத்தில் எரியவிட்டேன். கண்ணுக்கு முன்பைவிட மங்கலாகத்தான் தெரிந்தது, நீலம் அதிகம் என்பதால். மூன்றாம் நாள் பாலிப்கள் உள்ளே இழுத்துக்கொண்டன. ஐந்தாம் நாள் காலையில் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு கிளையின் மேல்புறமும் காகிதம்போல் வெளுத்திருந்தது. அதே கிளையின் அடிப்புறம் பச்சை மாறாமல் இருந்தது. இரண்டுக்கும் நடுவே கோடு போட்டதுபோல் ஓர் எல்லை. அந்த எல்லையைப் பார்த்த பிறகுதான் நீரைச் சோதிப்பதை நிறுத்திவிட்டு விளக்கைக் குறைத்தேன். பாதி பிழைத்தது.

நீங்களும் முதலில் அந்த எல்லையைத் தேடுங்கள். மேல்புறம் மட்டும் வெளுத்து, நிழலில் இருக்கும் புறம் நிறத்தோடு இருந்தால் காரணம் ஒளி. மேலும் கீழும் ஒரேபோல் வெளுத்திருந்தால் வெப்பத்தையோ நீரையோ சந்தேகியுங்கள். நுனிகள் மட்டும் கருகியதுபோல் இருந்தால், முதலில் காரத்தன்மையைச் சோதித்துப் பாருங்கள்.

நடந்தது இதுதான். மங்கிய ஒளியில் வாழும் பவளம், கிடைக்கும் கொஞ்சத்தையும் பிடித்துக்கொள்ளத் தன் நுண்பாசியையும் அதன் நிறமிகளையும் பெருக்கிவைத்திருக்கும். அதன்மேல் திடீரென்று பலமான ஒளி விழுந்தால், பாசி செரிக்க முடியாத அளவுக்கு ஆற்றல் வந்து, திசுவைக் கெடுக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகள் உருவாகின்றன. பவளம் தன்னைக் காத்துக்கொள்ளப் பாசியை வெளியேற்றிவிடுகிறது. பாசி போனால் நிறமும் போகிறது, உணவும் போகிறது. வெளிறிய பவளம் இறந்த பவளம் அல்ல, பசித்த பவளம். அதனால் இந்த நாட்களில் நுண்ணிய உணவைச் சிறிது சிறிதாகக் கொடுத்துவாருங்கள். பாசி மீண்டும் குடியேற வாரங்கள், சிலசமயம் மாதங்கள் ஆகும்.

அடுத்த முறை எந்தப் புதிய விளக்கானாலும் பழைய விளக்கின் பார் அளவை ஒட்டியோ சற்றுக் குறைவாகவோ தொடங்கி, நான்கு முதல் ஆறு வாரங்களில் மெல்ல ஏற்றுங்கள். பல எல்.இ.டி. விளக்குகளில் இதற்கென்றே ஓர் அமைப்பு உண்டு. இல்லாவிட்டால் இன்னும் உயரமாகத் தொங்கவிட்டு, வாரம் இரண்டு சென்டிமீட்டராக இறக்குங்கள்.

இதோடு சேர்த்து ஒன்று. நீரைத் தெளிவாக்கும் கரியை நீண்ட நாள் போடாத தொட்டியின் நீர் மெல்ல மஞ்சளடித்துப் போகும். பக்கவாட்டில் நீளவாக்காகப் பார்த்தால்தான் தெரியும். அதில் கிளர்வூட்டப்பட்ட கரியை ஒரேநாளில் நிறையப் போட்டால் நீர் பளிங்காகிவிடும். விளக்கைத் தொடாமலே நீங்கள் ஒளியைக் கூட்டிவிட்டீர்கள் என்று பொருள். கரியையும் கொஞ்சம் கொஞ்சமாகவே போடுங்கள்.

கேள்வி: பவளத் தொட்டி என்றாலே ஏன் எல்லாரும் நீல வெளிச்சம் போடுகிறார்கள்? எனக்கு வெள்ளைதான் பிடிக்கிறது. பவளத்துக்குக் கெடுதலா?

கெடுதல் இல்லை. ஆனால் நீலம் வெறும் அலங்காரமும் அல்ல. கடல்நீர் சிவப்பை முதலில் விழுங்கும். பத்து மீட்டர் ஆழத்துக்குள் சிவப்பு பெரும்பாலும் தீர்ந்துவிடும். நீலம்தான் ஆழத்துக்குப் போய்ச்சேரும். பவளத்துக்குள் இருக்கும் பாசியின் பச்சையங்களும் பெரிடினின் என்ற நிறமியும் நீலத்தையும் நீலப்பச்சையையும் நன்றாக உறிஞ்சுபவை. 420 முதல் 480 நானோமீட்டர் வரை வலுவாக இருக்கும் விளக்கு, பாசிக்குத் தேவையான இடத்தில் கொடுக்கிறது.

இரண்டாவது காரணம் நம் கண்ணுக்காக. பல பவளங்களின் திசுவில் ஒளிரும் புரதங்கள் இருக்கின்றன. அவை நீல ஒளியை வாங்கிப் பச்சையாகவும் ஆரஞ்சாகவும் சிவப்பாகவும் திருப்பித் தரும். இந்தக் குடும்பத்தின் முதல் புரதத்தை 1962இல் ஒசாமு ஷிமோமுரா கண்டது பவளத்தில் அல்ல, ஒரு ஜெல்லிமீனில். அதற்காக 2008ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசு அவரோடு மார்ட்டின் சால்ஃபிக்கும் ரோஜர் சியெனுக்கும் கிடைத்தது. நீல எல்.இ.டி.யை உருவாக்கிய அகாசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கு 2014ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு. இரவு விளக்கை நீலமாக மாற்றிவிட்டு என் தொட்டிமுன் உட்காரும்போதெல்லாம் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் சந்தித்துக்கொள்வதை நினைத்து மனம் நிறைகிறது.

வெள்ளை பிடிக்கும் என்றால் 10,000 கெல்வின் (ஒளியின் நிறத்தைச் சொல்லும் அளவு) என்று குறிப்பிட்ட ஹாலைடோ குழலோ நல்லது. வளர்ச்சியும் நன்றாக இருக்கும். 14,000, 20,000 என்று எண் ஏற ஏற நீலம் கூடும். எல்.இ.டி.யில் பகலில் வெள்ளையும், மாலை ஒரு மணிநேரம் நீலமும் வைத்துக்கொள்ளுங்கள். தூய நீலத்திலேயே எந்நேரமும் வைத்தால் மீனுக்கு நோய் வந்தாலோ பவளம் வெளிறினாலோ உங்கள் கண்ணுக்குத் தப்பிவிடும் என்பதே என் பெரிய கவலை.

கேள்வி: கைபேசியில் உள்ள வெளிச்சமானியால் அளந்தால் போதாதா?

போதாது. அது காட்டுவது லக்ஸ் அளவு. லக்ஸ் என்பது மனிதக் கண்ணின் கணக்கு. நம் கண் 555 நானோமீட்டரில், அதாவது பச்சையில், மிகக் கூர்மையானது, நீலத்தில் மந்தமானது. லக்ஸ் அளவியும் அப்படியே எண்ணும். ஆகவே பவளத்தைச் சுடும் அளவுக்கு நீல ஒளி இருந்தாலும் அது குறைவாகவே காட்டும். ஒரே விளக்கு இன்றைக்கும் ஆறு மாதம் கழித்தும் எப்படி என்று ஒப்பிட மட்டும் அதை வைத்துக்கொள்ளலாம்.

பார் மானியை இரவல் வாங்குங்கள். நண்பர்கள் நாலைந்து பேர் சேர்ந்து ஒன்று வாங்கிச் சுற்றில் விடலாம். நான் அதன் உணரியை ஒரு பிளாஸ்டிக் குழாயின் நுனியில் கட்டி, மேல்நோக்கி நிமிர்த்தி, தொட்டிக்குள் இறக்குவேன். நீளவாக்கில் நான்கு இடம், அகலவாக்கில் மூன்று, ஆழத்தில் மூன்று, ஆக 36 அளவுகள். அலையால் எண் துள்ளும். ஐந்தாறு முறை பார்த்து நடுவானதை எழுதிக்கொள்வேன். முதல்முறை அளந்தபோது விளக்குக்கு நேர்கீழே 320; அதே ஆழத்தில் 20 சென்டிமீட்டர் தள்ளி 140. இரண்டு ஆண்டுகளாக வளராமல் என்னை வருத்திய மாண்டிபோரா என்ற ஒரு கற்பவளம் அந்த 140இல் உட்கார்ந்திருந்தது.

அளந்த தாளை விளக்கின் பக்கத்திலேயே ஒட்டிவையுங்கள். பவளம் வாங்கி வந்த அன்று இடம் தேட அதுதான் உதவும்.

கேள்வி: குழல் விளக்கு நன்றாகத்தான் எரிகிறது. ஆண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது விற்பனைத் தந்திரமா?

இல்லை. உள்பூச்சு தேயத் தேய ஒளியும் குறையும், அதன் நிறக்கலவையும் நகரும். நாள்தோறும் பார்க்கும் கண் அதற்குப் பழகிப்போவதால் தெரிவதில்லை. ஒன்பது முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் மாற்றுங்கள்; ஆனால் எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாமல் வாரத்துக்கு ஒரு குழலாக.

பழைய குழலில் பாதரசம் இருக்கிறது. குப்பையோடு போடாமல் மின்கழிவாகக் கொடுங்கள். பாதரசத்துக்கான மினமாட்டா உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகள், பொதுப் பயன்பாட்டுக் குழல் விளக்குகளின் உற்பத்தியை 2027க்குள் முடித்துவிட 2023இல் ஒப்புக்கொண்டிருக்கின்றன. அதனால் இனி புதிதாகத் தொடங்குபவர் முழுக்க முழுக்க டி5ஐ நம்பித் தொட்டி அமைப்பதை நான் ஊக்குவிக்கமாட்டேன். ஏற்கெனவே வைத்திருப்பவர் இரண்டு தொகுதிக் குழல்களைக் கூடுதலாக வாங்கிவைத்துக்கொள்வது நல்லது.

கேள்வி: ஜன்னலோரம் நல்ல வெயில் வருகிறது. விளக்கே இல்லாமல் சமாளிக்கலாமா?

முடியாதது அல்ல. இந்தோனேசியாவின் லீ சின் எங் 1961இலேயே உயிருள்ள பாறையையும் (நுண்ணுயிர்கள் குடியிருக்கும் கடற்பாறை) இயற்கை ஒளியையும் கொண்டு பவளங்களை வைத்திருந்ததைப் பற்றி எழுதினார். ஆனால் ஜன்னல் வெயில் பக்கவாட்டில் வரும். பவளம் அந்தப் பக்கமே சாய்ந்து வளரும். கண்ணாடியில் பாசி படரும், நீர் சூடாகும், ஒளியைக் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. மேலே விளக்கு இருக்கட்டும், வெயில் துணைக்கு வரட்டும்.

கேள்வி: பன்னிரண்டு மணிநேரம் எரியவிட்டால் சீக்கிரம் வளருமா?

வளராது. கடலில் பகல் பன்னிரண்டு மணிநேரம் என்றாலும் சூரியன் உச்சியில் பலமாக இருப்பது சில மணிநேரம்தான். எட்டு முதல் பத்து மணிநேரம், அதில் முழு வேகம் ஐந்து அல்லது ஆறு. இரவு உண்மையான இருட்டாக இருக்கட்டும். பல பவளங்கள் அப்போதுதான் தங்கள் உணர்கொம்புகளை முழுக்க நீட்டி இரை தேடும். ஒளியைக் கூட்டினால் வளர்ச்சியோடு கால்சியமும் காரத்தன்மையும் வேகமாகச் செலவாகும் என்பதையும் மறக்காதீர்கள். விளக்கை ஏற்றும் வாரங்களில் இரண்டு நாளுக்கு ஒருமுறை சோதியுங்கள்.

கேள்வி: சூரியப் பவளத்துக்கு எவ்வளவு ஒளி வேண்டும்?

ஒன்றுமே வேண்டாம். பெயரைப் பார்த்து விளக்கின்கீழ் வைத்துப் பட்டினி போட்டவர்கள் பலர். அதற்குள் பாசி இல்லை. ஒவ்வொரு பாலிப்பின் வாய்க்கும் தனித்தனியாக இறால் துணுக்கு ஊட்டவேண்டும். அந்தப் பொறுமை இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: நண்பர் ஒருவர் இரண்டு முனையிலும் செருகும் 250 வாட் மெட்டல் ஹாலைடு விளக்கைத் தருகிறார். முன்பக்கக் கண்ணாடி உடைந்துபோயிருக்கிறது. அப்படியே பயன்படுத்தலாமா?

கூடாது. திருகி மாட்டும் ஹாலைடு விளக்குகளுக்கு வெளியே இன்னொரு கண்ணாடி உறை இருக்கும், அது புற ஊதாக்கதிரைத் தடுக்கும். இருமுனை விளக்குக்கு அந்த உறை கிடையாது. முன்பக்கக் கண்ணாடிதான் தடுப்பு. அது இல்லாமல் எரிந்தால் பவளமும் வேகும், பார்த்துக்கொண்டிருக்கும் உங்கள் கண்ணும் கெடும். புற ஊதாக்கதிரைத் தடுக்கும், வெப்பம் தாங்கும் கண்ணாடியை அளவெடுத்துப் போடுங்கள்; ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடி வெப்பத்தில் வெடிக்கும்.

மாட்டும்போது குவார்ட்ஸை வெறும் விரலால் தொடாதீர்கள். விரலின் எண்ணெய் பட்ட இடம் சூட்டில் பழுதாகும். சோக் அந்த விளக்குக்கு உரியதுதானா என்று விளக்கின் மேலும் சோக்கின் மேலும் அச்சிட்டிருப்பதை ஒப்பிடுங்கள். மின்சாரம் போய்வந்தால் விளக்கு உடனே எரியாது. ஆறுவதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும், பழுது என்று நினைத்துத் திறந்துவிடாதீர்கள். மின்கம்பியைச் செருகிக்குப் போகும் முன் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள், வழியும் உப்புநீர் அந்த வளைவிலிருந்து தரையில் சொட்டட்டும். கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி அந்த இணைப்பில் இருக்கவேண்டும். இவை அனைத்தும் முடியும்வரை விளக்கு அலமாரியிலேயே இருக்கட்டும்.